உப்புக்காற்றுக்கு அசராத சங்கங்குப்பி: கேள்வி பதில்

தஞ்சோங் பூங்காவிலிருந்து: ஐயா, வீட்டு வாசல் கடலைப் பார்த்தது. வேலிக்கு வைத்த செம்பருத்தியின் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. உரம் போதவில்லையா?

உரத்தைத் தொடாதீர்கள், அதுவும் ஒருவகை உப்புதான். கடற்காற்றில் வரும் உப்புத்துளி இலையில் படிந்து ஈரத்தை இழுத்துவிடுகிறது, ஓரம்தான் முதலில் தீயும். செம்பருத்தியைக் கொல்லைப்புறம் மாற்றிவிட்டு, அங்கே சங்கங்குப்பி வையுங்கள். தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் நம் பினாங்குக் கடலோரத்திலும் தானாக முளைக்கும் புதர். மலாயில் கம்பிர் லாவுட். தடித்த இலை, மும்மூன்றாய் வெள்ளைப் பூ, அதிலிருந்து நீண்டு நிற்கும் செவ்வூதா இழைகள். பூனைமீசைச் செடி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சாயல் புரியும். இரண்டடிக்கு ஒன்று போதும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில், வேர் பிடிக்கும்வரை மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

தெலுக் பஹாங்கிலிருந்து: கன்று எங்கே வாங்கலாம் ஐயா?

காசு எதற்குத் தம்பி? இந்த வேலி உள்ள வீட்டில் கத்தரிக்கும் நாள் பார்த்து, பென்சில் பருமனில் நாலைந்து குச்சி கேட்டு வாங்கு. ஒரு சாண் நீளம் போதும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு புதையும்படி மணல் கலந்த மண்ணில் ஊன்று. வேர்விடும்வரை நிழல், பிறகு நல்ல வெயில். கடற்கரையில் இருப்பதைப் பிடுங்கிவராதே. அங்கே மணலைக் கட்டிப்பிடித்திருப்பது அதன் வேர்தான்.

கோலாலம்பூரிலிருந்து: இங்கே கடல் இல்லையே, வாரம் ஒருமுறை கல்லுப்பு கரைத்து ஊற்றவா?

ஐயோ, வேண்டாம்! உப்பைத் தாங்கும் செடி, உப்பு கேட்கும் செடி அல்ல. சாதாரண மண்ணிலேயே வளரும்.

பட்டர்வொர்த்திலிருந்து: பக்கத்து வீட்டு மாடு மேய்ந்துவிடுமா? இலையை நாங்கள் கஷாயம் வைக்கலாமா?

இலை கடுங்கசப்பு, மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கஷாயத்தைச் சித்த மருத்துவரிடம் கேளுங்கள், நான் வேலிக்காரன்.

ஜெலுத்தோங்கிலிருந்து: ஒரு நர்சரியில் கிளெரோடென்ட்ரம் என்றும், இன்னொன்றில் வோல்கமேரியா என்றும் எழுதியிருக்கிறது. எது சரி?

இரண்டும் ஒரே செடி. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் வோல்கமேரியா இனெர்மிஸ். இடையில் கிளெரோடென்ட்ரம் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். மரபணு ஆய்வுக்குப்பின் பழைய பெயரே திரும்பிவிட்டது. இனெர்மிஸ் என்றால் ஆயுதம் இல்லாதது, அதாவது முள் கிடையாது.

பத்து பெரிங்கியிலிருந்து: வேலி பச்சைச்சுவர்போல் இருக்கிறது ஐயா, பூ மட்டும் இல்லை.

மாதம் தவறாமல் வெட்டுகிறீர்கள் அல்லவா அம்மா? கிளை நுனியை ஒட்டிய இலைக்கக்கத்தில்தான் பூ வரும். தெருப்பக்கத்தை வழக்கம்போல் வெட்டுங்கள். உங்கள் ஜன்னல் பக்கத்தை மூன்று மாதம் கத்தரிக்குக் காட்டாதீர்கள்.