டிஸ்சார்ஜ் ஆயாச்சு, மிச்ச பணத்தை டெபாசிட்ல போட்டுடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு கணையம் வீங்கி, திசு அழுகி சீழ் பிடிச்சு ஐசியூ வரைக்கும் போய்ட்டார். வயித்தைத் திறக்காம டியூப் போட்டு சீழை எடுத்தாங்க, அப்புறம் சின்ன ஓட்டை வழியாவே அழுகினதையும் எடுத்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கார். கையில இருக்குற சேமிப்பை அஞ்சு வருஷ டெபாசிட்ல போடவா, வீட்டுக்கடனை அடைக்கவா?

பதில்: அவர் எழுந்து நடமாடுறதே பெரிய விஷயம்மா. ஆனா ரெண்டுமே இப்போதைக்கு வேணாம். ஓட்டை சின்னது, அதனால பின்னாடி வர்ற செலவும் சின்னதுன்னு நிறைய பேர் நினைச்சிக்குறாங்க, அங்கதான் மாட்டிக்குறாங்க.

நெதர்லாந்துல பாண்டர்னு ஒரு ஆய்வு, 88 பேஷன்ட், 2010ல வந்துச்சு, வயித்தைத் திறந்து பண்றதா இல்ல இவருக்கு செஞ்ச மாதிரி டியூப்ல ஆரம்பிச்சு படிப்படியா போறதான்னு பாத்தாங்க, அப்புறம் உயிரோட இருந்தவங்களை சராசரியா ஏழு வருஷம் விடாம தொடர்ந்து பாத்து 2019ல ரிசல்ட் போட்டாங்க. படிப்படி முறைதான் ஜெயிச்சுது. தழும்பு வழியா குடல் பிதுங்குறது இதுல 23%, திறந்து பண்ணவங்களுக்கு 53%. சரி, ஆனா பணத்தைப் பாக்குற என் கண்ணுல பட்டது வேற. ஜெயிச்ச பக்கத்துலயே 40% பேருக்கு சுகர் பிரச்சனை, 29% பேருக்கு சாப்பாடு செரிக்க என்சைம் பத்தல.

என்சைம் பத்தலன்னா ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோட கேப்சூல் போடணும், பெரும்பாலும் அதை நிறுத்தவே முடியாது. எடை குறையுது, மலம் எண்ணெய் மாதிரி மிதக்குதுன்னா டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. கணையம் கெட்டு வர்ற சுகர்ல திடீர்னு லோ சுகரும் ஆகலாம், அதனால அடிக்கடி டெஸ்ட் பண்ணணும், சுகர் பாக்குற ஸ்ட்ரிப் வேகமா தீரும். இதெல்லாம் மாசாமாசம் வர்ற செலவு, பெரும்பாலும் ஆஸ்பத்திரில படுத்தாதான் கிளெய்ம் தர்ற பாலிசில இதுக்கு ஒண்ணும் கிடைக்காது.

இன்னொண்ணு, பித்தப்பை கல்லால வந்துச்சான்னு கேளுங்க. ஆமான்னா, பித்தப்பையை எடுத்தாச்சா? இல்லன்னா அந்த ஆபரேஷன் பில்தான் க்யூல முதல்ல நிக்குது. குடியால வந்திருந்தா ஒரு சொட்டு கூட கூடாது, அது செலவே இல்லாத வைத்தியம்.

அதனால ஆறு மாச வீட்டுச் செலவு, அதோட ஒரு ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கு ஆகுற பணம், ரெண்டும் நினைச்ச உடனே எடுக்குற கணக்குல இருக்கட்டும். மிச்சத்தை ஒரே டெபாசிட்டா போடாம மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம்னு பிரிச்சுப் போடுங்க, வட்டி கொஞ்சம் கம்மிதான், போகட்டும். கடனுக்கு இஎம்ஐ மட்டும் கட்டுங்க, உள்ள போட்ட காசை அவசரத்துக்கு திரும்ப வாங்குறது லேசுல நடக்காது.

இருக்குற ஹெல்த் பாலிசியை ஒரு நாள் கூட லேப்ஸ் ஆக விடாதீங்க. பிரீமியம் கம்மின்னு வேற கம்பெனிக்கு இப்ப மாறாதீங்க, மாறியே ஆகணும்னா நோயை மறைக்காதீங்க, ஏஜென்ட் "எழுத வேணாம்"னு சொன்னாலும் எழுதுங்க.

வீட்டுக்கடனை ஒரு வருஷம் கழிச்சு எடுத்துக்கலாம், அப்ப வரும்போது மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட்டையும் மருந்துக்கடை பில்லையும் கொண்டு வாங்க.