பாட்டுக் கோப்பில் வைரஸ் வருமா?

ஹட்டன் கடையில் பென் டிரைவில் ஏற்றி வந்த காமன் கூத்துப் பாட்டுகளால் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்பி3 வெறும் தரவுதான், தானாக ஓடாது. ஆனால் அதை வாசிக்கும் பிளேயரில் ஓட்டை இருந்தால் கதை வேறு. 2015இல் ஆண்ட்ராய்டில் வெளிவந்த ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ ஓட்டைகளில், போனுக்குள் புக விஷமமாகச் செய்த ஓர் எம்பி3 அல்லது எம்பி4 கோப்பே போதுமாக இருந்தது. பிளேயரை அப்டேட் செய்து வையுங்கள்.

நம்மாட்கள் மாட்டுவது பெரும்பாலும் வேறு வழியில். விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை மறைத்துவிடும், ‘தப்பு.எம்பி3’ என்று தெரிவது உண்மையில் ‘தப்பு.எம்பி3.இஎக்ஸ்இ’, அதாவது பாட்டே இல்லை, கிளிக் செய்தால் ஓடும் புரோகிராம். தங்கச்சியின் பென் டிரைவில் அப்படியொன்று இருந்தது: முழுப் பாட்டாம், அளவோ 300 கேபி! ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ஸை டிக் செய்தால் வால் வெளியே வந்துவிடும். அப்புறம், டபுள் கிளிக் வேண்டாம். பிளேயரை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து பாட்டைப் போடுங்கள்.