தாத்தாவின் சாவிக் கடிகாரம்

கேள்வி: தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் தாத்தாவின் கைக்கடிகாரம் என்னிடம் வந்திருக்கிறது. முகப்பில் எச்.எம்.டி. என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. பின்மூடியில் ‘மாணவர் அன்பளிப்பு 31.5.1974’ என்று செதுக்கியிருக்கிறது. பழுது பார்ப்பவர், பழுப்பேறிய முகப்புக்குப் புது வண்ணம் பூசித் தருவதாகச் சொல்கிறார். இது எந்த மாடல்? வண்ணம் பூசலாமா?
- வாசகி ஒருவர், கரூர்

பதில்: வண்ணம் பூச வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பன்னிரண்டுக்குக் கீழே மங்கிய எழுத்துகளில் ‘ஜனதா’ என்றும், ஆறுக்கு மேலே ‘17 ஜூவல்ஸ்’, ‘பாராஷாக்’ என்றும் படிக்க முடிகிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் மிகப் பிரபலமான சாவி கொடுக்கும் மாடல்களில் ஜனதாவும் ஒன்று. பதினேழு ஜூவல்கள் என்பவை உராய்வைக் குறைக்கப் பொருத்தப்படும் செயற்கை மாணிக்கக் கற்கள். பாராஷாக் என்பது கடிகாரம் கீழே விழுந்தால் சமநிலைச் சக்கரத்தின் அச்சு முறியாமல் காக்கும் அமைப்பு.

பின்மூடியைத் திறந்தால் இயந்திரத்தில் 0231 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே இருப்பது எச்.எம்.டி.யின் இயந்திரம்தான். ஆனால் அதே இயந்திரம் பைலட் மாடலிலும் இருப்பதால், எண்ணை மட்டும் வைத்து மாடலைச் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்வது முகப்பு ஒன்றே. அதன் மீது வண்ணம் பூசினால், இது ஜனதா என்பதற்கு இருக்கும் நேரடிச் சான்றை நாமே அழித்தவர்களாவோம். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் அளித்தது. இன்று பழைய பாகங்களைச் சேர்த்து, முகப்பைப் புதிதாக அச்சிட்டு விற்கும் கடிகாரங்கள் சந்தையில் நிறையவே கிடைக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அவற்றின் எழுத்து விளிம்புகள் மை ஊறியதுபோல் பிசிறடித்திருக்கும், நிமிடக் கோடுகளும் சீராக இருக்காது. உங்கள் முகப்பில் எழுத்துகள் மங்கியிருந்தாலும் கோடுகள் கூர்மையாகவே இருப்பதால், அது மாற்றப்படாத முகப்பு என்றே கருதுகிறேன். ஐம்பது ஆண்டுப் பழுப்பு அதற்கு ஒரு குறையே அல்ல.

இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது எண்ணெய் இடும்படி மட்டும் கேளுங்கள். காய்ந்துபோன எண்ணெயுடன் ஓடவிட்டால் பற்சக்கரங்களின் அச்சுகள் தேயும் என்பதால், அது முடியும் வரை சாவி கொடுக்காதீர்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில், திருகு இறுகி நிற்கும் வரை மெதுவாகச் சாவி கொடுங்கள். காதருகே வைத்தால் நொடிக்கு ஐந்து துடிப்பு கேட்கும்.

பின்மூடியைப் பாலிஷ் செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையால் செதுக்கிய எழுத்து ஆழமற்றது. ஒருமுறை தேய்த்தாலும் ‘அன்பளிப்பு’ என்பதன் புள்ளிகளும் சுழிகளும் போய்விடும்.