ஃபோனிலேயே கேட்க முடிகிற பழைய ஜாஸ் பியானோ ஆல்பத்தை, வினைலில் மறுபடி வந்திருக்கிறது என்பதற்காகக் (அதாவது ஊசி வைத்துக் கேட்கும் இசைத்தட்டில்) காசு கொடுத்து வாங்குவது வீண்தானே?

வீண் இல்லை. ஆனால் மறுபதிப்பு என்று வருகிற எல்லாமே வாங்கத் தகுந்ததும் இல்லை. நான் ஒரே ஆல்பத்தை இரண்டு தடவை வாங்கியவன், முதல் தடவை ஏமாந்து. அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

அது பில் எவன்ஸ் டிரையோ என்ற மூவர் குழுவின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. டெபி என்பது எவன்ஸின் அண்ணன் மகள். பதிவானது 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் தரைக்குக் கீழே இருக்கும் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில். மதியம் இரண்டு, ராத்திரி மூன்று என்று ஒரே நாளில் ஐந்து முறை மேடையேறி வாசித்தார்கள். பியானோவில் எவன்ஸ், பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்தில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். அன்றைக்கு முதல் உருப்படி வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், டேப்பில் ஒரு துண்டு விட்டுப்போயிற்று. (நியூயார்க்கிலும் போகும் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.)

அடுத்த பதினோராவது நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துவிட்டார். வயது 25. எவன்ஸ் உடைந்துபோய் மாதக்கணக்கில் மேடை ஏறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்புகளிலிருந்து லஃபாரோவின் வாசிப்பு முன்னால் தெரியும்படி பொறுக்கி, முதலில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். மீதி இருந்ததில் எடுத்துத் தொகுத்து 1962இல் வந்ததுதான் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. இதைப் போய் மீதி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நான் முதலில் இதை ஹெட்போனில்தான் கேட்டேன். முதல் பாட்டு 'மை ஃபூலிஷ் ஹார்ட்'. பியானோ மிக மெதுவாக ஓர் அடி வைக்கிறது, பேஸ் அடியில் ஒரு நீண்ட சுரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, மோஷன் சிம்பலை பிரஷ்ஷால் தடவுகிறார். நடுவில் 'கிளிங்'. சமையலறையில் யாரோ டம்ளரைத் தட்டிவிட்டார்கள் என்று ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். வீட்டில் நான் மட்டும்தான். அது கிளப்பில் யாரோ ஒருவரின் கிளாஸ். பக்கத்து மேஜையில் பேச்சு, ஒரு சிரிப்பு, உருப்படி முடிந்ததும் கொஞ்சமே கொஞ்சம் கைதட்டல். இசை உலகமே கொண்டாடப்போகிற ஒரு பதிவு நடக்கும்போது, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எதையும் கவனிக்காமல் சாப்பிட்டுக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

இந்தச் சத்தங்கள்தான் மறுபதிப்பை எடைபோட எனக்குக் கிடைத்த தராசு. நான் முதலில் வாங்கியது விலை மலிவான ஐரோப்பிய அச்சு. உறையில் '180 கிராம்' என்று கொட்டை எழுத்து. ஊசியை வைத்தால் சிம்பல் சத்தம் செய்தித்தாளைக் கசக்குவதுபோல வந்தது. டம்ளர் இருந்தது, ஆனால் அது எந்த மேஜையில் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே சுவரில் ஒட்டிய படம் மாதிரி. தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளையும் ஊசியையும் சந்தேகப்பட்டு ஒரு மாதம் வீணடித்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. 1963க்கு முன் வெளியான பதிவுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால் மூல டேப் அவர்களிடம் இல்லையே. பெரும்பாலும் ஒரு சிடியை எடுத்து, அதன் ஒலியையே தட்டின் பள்ளங்களாக வெட்டிவிடுகிறார்கள். அப்படியானால் நீங்கள் சொல்வது சரிதான்: ஃபோனில் கேட்பதையே கூடுதல் விலைக்குக் கேட்கிறீர்கள், ஊசியின் கரகரப்போடு. கிராம் கணக்கு தட்டின் எடையைத்தான் சொல்லும்.

ரிவர்சைடு என்ற அந்த மூல கம்பெனி 1964இல் திவாலாகி, டேப்புகள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் கான்கார்டு என்ற கம்பெனியிடம் வந்தன. அவர்களுடைய மறுபதிப்புப் பிரிவான க்ராஃப்ட் ரெக்கார்டிங்ஸ், 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' வரிசையை 2023இல் மறுபடி தொடங்கியபோது இந்த ஆல்பத்தையும் கொண்டுவந்தது. மூல டேப்பை நேரடியாக ஓடவிட்டு, ஒலிப்பொறியாளர் கெவின் கிரே லாக்கர் (அச்சுக்கு மூலமான தட்டு) வெட்டியது. இதைத்தான் இரண்டாவதாக வாங்கினேன். டம்ளர் இப்போது அறைக்குள் ஓர் இடத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், லஃபாரோவின் விரல் தந்தியை விடும் அந்த நொடி கேட்கிறது. அவர் மற்ற பேஸ்காரர்கள் மாதிரி 'தும் தும்' என்று தாளம் கட்டிக்கொண்டிருப்பதில்லை. எவன்ஸ் ஒன்று சொல்ல, குறுக்கே புகுந்து பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பேஸ் மங்கிப்போன அச்சில் இந்த உரையாடலில் பாதி காணாமல் போகிறது.

இன்னொன்று, ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பது பெரும்பாலும் சிடிக்காக நீட்டிய பதிப்பு. ஒரே பாட்டின் இரண்டு வாசிப்புகள் அடுத்தடுத்து வரும். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு விருந்து, ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பவனுக்குத் தொல்லை. தட்டில் ஆறே உருப்படிகள், பக்கத்துக்கு மூன்று, ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குள்.

ஆகவே வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து வெட்டியது? பதிலில் மூல டேப், வெட்டியவர் பெயர் இரண்டும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். 'ரீமாஸ்டர்டு' (ஒலியைப் புதிதாகச் செப்பனிட்டது) என்று மட்டும் இருந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 45 சுற்று என்ற கூடுதல் வேகத்தில் இரண்டு தட்டுகளாகவும் இந்த ஆல்பம் வந்திருக்கிறது. ஒலி இன்னும் சுத்தம் என்பார்கள், ஊசி அதே நேரத்தில் அதிக தூரம் ஓடுவதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். என் முழங்காலுக்கு ஒரு தட்டே போதும்.