வேலைக்கும் வீட்டுக்கும் இடையே குடும்ப வரலாற்றைத் தேட நேரம் கிடைக்குமா?

திருகோணமலையில் வேலைக்குப் போய்க்கொண்டே முன்னோர் விவரங்களைத் திரட்ட எப்படி நேரம் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாக ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுவது நல்லது. அப்படி ஒரு நாள் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

வீட்டு அலுமாரியில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவரங்களோடு, இலங்கையில் பிறந்த பாட்டனாரின் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் குறிக்கப்படுவதுண்டு என்பதால், அப்பாவின் சான்றிதழ் ஒன்றே உங்களை மூன்று தலைமுறை பின்னால் அழைத்துச் செல்லக்கூடும். காணி உறுதிகளை இன்னும் கவனமாகப் படியுங்கள். காணி சீதனமாக வந்ததா, முதுசமாக வந்ததா என்ற வரியிலேயே, சான்றிதழ்களில் பெரும்பாலும் மறைந்துபோகும் பெண்வழி உறவுகள் வெளிப்படும். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் நினைவு மலர்களை யாரும் ஆவணமாக மதிப்பதில்லை, ஆனால் மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரை அவற்றில் பெயர்கள் இருக்கும்.

முதியவர்களிடம் சமையல் வேளையிலோ கோயிலுக்குப் போகும் வழியிலோ பேசலாம். ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு வீசியபோது யார் எங்கே இருந்தார்கள் என்று வீட்டில் சொல்லக் கேட்டதையோ, 1964 டிசம்பர்ப் புயலின்போது யார் பிறந்திருந்தார்கள் என்பதையோ கேளுங்கள். அனுமதி பெற்றுக் கைபேசியில் பதிவுசெய்தால் எழுதும் வேலை பிற்பாடு நடக்கும்.

இடப்பெயர்விலோ 2004 ஆழிப்பேரலையிலோ சான்றிதழ்கள் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்துக்கு வேறு அலுவலாகப் போகும் நாளிலேயே பிரதிக்கான விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.