பீட்டா மீனின் வால் ஓரம் கிழிந்து வெள்ளையாகிறது, என்ன மருந்து போடுவது?

மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். இப்படி வாலையும் துடுப்பையும் அரிக்கும் துடுப்பு அழுகல் நோயை உண்டாக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எந்தத் தொட்டியிலும் இருப்பவைதான். அழுக்குத் தண்ணீரில் மீன் சோர்ந்துபோனால் அவற்றின் கை ஓங்கிவிடும்.

முதலில், இது அழுகல்தானா? வேறு மீன் கடித்திருந்தால் கிழிசல் சுத்தமாக இருக்கும். அழுகல் என்றால் ஓரம் பிசிறு பிசிறாக, வெள்ளையாகவோ கருத்தோ தெரியும். நாளுக்கு நாள் உள்ளே அரித்துக்கொண்டு போகும்.

தண்ணீரைச் சோதனைக் கிட்டில் பார்த்தால், மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்ட வேண்டும். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கியிருக்க வேண்டும், வெப்பநிலையும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம், ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். அந்த நச்சுகளை உடைக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஆரம்பக் கட்டம் என்றால் பெரும்பாலும் இதுவே போதும். வேண்டுமானால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் அயோடின் இல்லாத உப்பைக் கரைத்து ஊற்றலாம். செடிகளுக்கும் கோரிடோரஸ் மீன்களுக்கும் உப்பு ஒத்துக்காது.

நான்கைந்து நாளில் நிற்காவிட்டாலோ, அழுகல் துடுப்பின் அடிப்பகுதியை நெருங்கினாலோ மீன்களுக்கான ஆன்டிபயாடிக் தேவைப்படும். அப்போது ஃபில்டரிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும்.

ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய விளிம்பு தெரிந்தால் பயம் வேண்டாம், அது புதிதாக வளரும் துடுப்பு. நிறம் பிறகுதான் ஏறும்.