குமாரமங்கலம் ஜமீன்தார் கட்சி தாவியவரா?

சேலம் மாவட்ட வரலாற்றில் இந்த முறை குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

வெள்ளைக்காரன் காலத்திலும் மந்திரி, சுதந்திரம் வந்ததும் காங்கிரஸ் மந்திரி. காற்றடித்த பக்கம் சாய்ந்தவர்தானே ஐயா? (அம்மாபேட்டை)

காற்று எப்போது திரும்பியது என்று பாருங்கள் தம்பி. 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் சேர்ந்தபோதே அவர் காங்கிரஸ்காரர். சுதந்திரத்துக்கு இன்னும் 10 வருஷம் கிடந்தது. நம் ஊரில் 1947 ஆகஸ்டில் கதர் வாங்கியவர்களோடு இவரைச் சேர்க்க முடியாது.

அப்படியானால் ஆட்சி முறையை ஆராய வந்த, இந்தியர் ஒருவர்கூட இல்லாத சைமன் கமிஷனை நாடே எதிர்த்த சமயத்தில் ஏன் நாற்காலியை விடவில்லை? (செவ்வாய்ப்பேட்டை)

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 1926 தேர்தலில் அதிக இடம் பிடித்த, காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சி, இரட்டை ஆட்சியில் பதவி வேண்டாம் என்று ஒதுங்கியது. அதுவரை ஆண்ட நீதிக்கட்சி தோற்றிருந்தது. கவர்னர் கோஷன் சுயேச்சையான இவரைக் கூப்பிட்டுச் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி (முதலமைச்சர்) ஆக்கினார். இரட்டை ஆட்சி என்றால் இதுதான்: போலீஸ், நிதி எல்லாம் கவர்னர் பக்கம். மந்திரிகளிடம் கல்வி, சுகாதாரம் மாதிரித் துறைகள்தான். 1928-இல் சைமன் கமிஷன் வந்ததும், கூட இருந்த ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் ராஜினாமா செய்தார்கள். இவர் செய்யவில்லை. நேற்று வரை எதிரே உட்கார்ந்திருந்த நீதிக்கட்சி கை கொடுத்தது. 1930 வரை ஓட்டினார். அந்தக் கறையை நான் துடைக்க மாட்டேன். ஆனால் அதே மந்திரிசபையில் புதிதாக வந்த முத்தையா முதலியார்தான் அரசு வேலைகளைச் சாதி, மத வாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவைக் கொண்டுவந்தார். இவர் விலகியிருந்தால் அது அப்போது வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

மனம் மாறியது எப்போது? (ஏற்காடு)

மனத்துக்குள் யார் போய்ப் பார்த்தார்கள் அம்மா! வெளியே தெரிவதைச் சொல்கிறேன். பதவி போனபின், 1932-இல், தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் போகச் சட்டசபையில் குரல் கொடுத்தார். அவருடைய மசோதாவுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுமதி தரவில்லை. காந்தி மும்முரமாக இருந்த விஷயம் அது. வெள்ளைக்காரனிடம் நல்ல பேர் வாங்க நினைப்பவர் தொடுகிற காரியமா?

சேலத்தில் கள்ளுக்கடையை மூடியது இவரா? (அஸ்தம்பட்டி)

இல்லை, ராஜாஜி. 1937 அக்டோபர் 1. இவர் கையில் சட்டமும் கல்வியும் இருந்தன. அதனால்தான் 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது கல்வி மந்திரி என்ற முறையில் அந்தப் பழியும் இவர் தலையில் விழுந்தது.

பிள்ளைகள் எந்தக் கட்சி? (ராசிபுரம்)

ஒரே வீட்டில் எல்லாம். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. ஒரு மகன் ராணுவத் தளபதி. இன்னொரு மகன் மோகன் கம்யூனிஸ்டாக இருந்து, பிறகு இந்திரா காந்தியின் மந்திரி. தாவியவரைத் தேடினால் அப்பாவை விட்டுவிட்டு இவரிடம் வாருங்கள்!

குமாரமங்கலம் நாமக்கல் மாவட்டம் ஆயிற்றே, சேலத்துக்காரர் என்று எப்படிச் சொல்லலாம்? (திருச்செங்கோடு)

நாமக்கல் பிரிந்தது 1997-இல். அவர் மகாராஷ்டிர கவர்னராக இருந்து 1962-லேயே காலமாகிவிட்டார். சரி, பாதி உங்களுக்கு.